கரும்புக்குப் பேய்க்கரும்பைச் சம்பந்தம் பேசியவர்



எங்க ஆலங்குளத்தில் என் மாமா முயல் வளர்க்கிறார். கடன் வாங்கிப் போட்ட கூண்டு. ஊரில் கிடைத்த சின்ன முயல்களோடு பெரிய வெள்ளை ஜாதி ஆண் முயல் ஒன்றை வாங்கி விட்டார். முதல் ஈத்துக் குட்டிகள் கொழுகொழுவென்று வந்தன. அந்தக் குட்டிகளையே ஒன்றோடு ஒன்று சேர்த்தார். அடுத்த ஈத்தில் ஒன்று பெரிசு, மூணு சிறிசு, ரெண்டு செத்தே போச்சு. காட்டு முயலைப் பிடிச்சுச் சேர்த்தா வீரியம் வரும்னு யாரோ சொல்ல, மாமா என்னிடம் வந்து கேட்டார். படிக்கிற பையனாச்சே! நான் படிப்பதோ மெக்கானிக்கல்.

புத்தகங்களைப் புரட்டினேன். காட்டு முயலுக்குக் குரோமோசோம் 48, வீட்டு முயலுக்கு 44. இரண்டும் வேறு வேறு இனம், குட்டி போடாது. பிடித்தால் வனத்துறை வழக்கு வேறு. அப்படித் தேடும்போதுதான், காட்டு ஜாதியை வீட்டு ஜாதியோடு சேர்த்து ஜெயித்த ஒரு தமிழரைத் தெரிந்து கொண்டேன். ஆனால் அவர் சேர்த்தது முயலை அல்ல, கரும்பை!

டி.எஸ். வெங்கட்ராமன் 1884-ல் பிறந்தவர். 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது, பார்பர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஏன் கோயம்புத்தூர்? வட இந்தியாவில் கரும்பு சரியாகப் பூத்து விதை கட்டாது, இங்கே பூக்கும். பூத்தால்தானே ஒட்டுச் சேர்க்க முடியும்?

வடக்கே விளைந்த நாட்டுக் கரும்பு மெலிசு. தெற்கத்திய தடிக்கரும்போ அங்குள்ள குளிரைத் தாங்காது. இதற்கு இருவரும் கண்ட வழி விசித்திரமானது. வெள்ளை என்ற தடிக்கரும்பைத் தாயாக வைத்து, ஆற்றங்கரையில் கேட்பாரற்று முளைக்கும் பேய்க்கரும்பைத் தகப்பனாக்கினார்கள். சாறே இல்லாத புல்! ஆனால் வறட்சியும் குளிரும் அதை ஒன்றும் செய்யாது. இப்படிப் பிறந்த கோ 205 வகை 1918-ல் வெளிவந்தது. பஞ்சாபில் நாட்டுக் கரும்பைவிட ஏறக்குறைய பாதி மடங்கு கூடுதலாக விளைந்தது. கோ என்பது கோயம்புத்தூரின் முதல் எழுத்து.

பார்பர் 1919-ல் போய்விட்டார். அதன்பின் வெங்கட்ராமன் 1942 வரை நிலையத்தை நடத்தினார். எல்லாப் புகழையும் ஒருவருக்கே கொடுப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. தொடங்கியவர் பார்பர்தான். வெயிலில் நின்று பூங்கதிருக்குக் காவல் இருந்த கூலியாட்களின் பெயர் நான் படித்த பக்கங்களில் இல்லவே இல்லை.

கரும்பு விதை பஞ்சு மாதிரி பறக்கும், அவ்வளவு பொடிசு. ஒரே கதிரின் விதைகளில் முளைக்கும் நாற்றுகள் ஒன்று போல் ஒன்று இருக்காது. ஆயிரக்கணக்கில் முளைக்க வைத்து, வளர்த்து, கழித்துக் கழித்துக் கடைசியில் ஒன்றிரண்டு தேறும். தேறிய ஒன்றைக் கரணை வெட்டி நட்டால் போதும், லட்சம் ஏக்கருக்குப் போனாலும் குணம் மாறாது. மாமா தோற்ற இடம் இங்கேதான் என்று எனக்கு அப்போது உறைத்தது. முயலைக் கரணை வெட்டி நட முடியாதே! கலப்புக் குட்டிகளை ஒன்றோடு ஒன்று சேர்த்தால் குணங்கள் மறுபடி பிரிந்து, கலைந்துதான் வரும்.

வெங்கட்ராமன் சோளத்தோடும் மூங்கிலோடும்கூடக் கரும்பைச் சேர்த்துப் பார்த்தார். சோளம் சேர்ந்தால் சீக்கிரம் அறுக்கலாம் என்ற ஆசை. அவை கோ 205 மாதிரி வயலைப் பிடிக்கவில்லை. ஆனால் 1933-ல் வந்த கோ 419 தென்னாட்டு வயல்களைப் பல பத்தாண்டு ஆண்டது. கோ 281 அமெரிக்காவின் லூசியானா வரை போனது. ஜாவா சர்க்கரையை மூட்டை மூட்டையாக இறக்குமதி செய்த நாடு, 1932-ல் வந்த காப்பு வரியும் இந்தக் கரும்புகளும் சேர, சில ஆண்டுகளிலேயே தன் தேவையைத் தானே பார்த்துக்கொண்டது. வெள்ளையர் அரசு சர் பட்டம் கொடுத்தது. சுதந்திர இந்தியா 1956-ல் பத்மபூஷண் கொடுத்தது. 1963-ல் காலமானார்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். காட்டு முயல் பேச்சை விட்டுவிட்டார். சொந்தமில்லாத ஆண் முயல் ஒன்று வேறு ஊரிலிருந்து வாங்கியாச்சு. எந்தக் குட்டி எதற்குப் பிறந்தது, எத்தனை கிராம் என்று எழுத நோட்டு ஒன்றில் நான் கோடு போட்டுக் கொடுத்தேன். கூண்டுகளுக்கு ஆ 1, ஆ 2 என்று நம்பரும் எழுதியிருக்கிறோம். ஆ என்றால் ஆலங்குளம்!