பேய்ப்படங்களின் பெருந்தகை

பேய்ப்படம் என்றதும் முகஞ்சுளிப்போர் நம் வகுப்பறையிலும் உண்டு. ஆசிரியர் அறையிலும் உண்டு. அவர்களை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் அத்தகைய படங்களிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தும், பழகியோரெல்லாம் மென்மையானவர் என்று போற்றிய ஆங்கில நடிகர் ஒருவரைப் பற்றி இங்கே எழுத விழைகிறேன். அவர்தாம் பீட்டர் குஷிங்.

1913 மே 26-ஆம் நாள் இங்கிலாந்தின் சர்ரி பகுதியில் உள்ள கென்லியில் பிறந்தார். நில அளவை அலுவலகத்தில் உதவியாளர் வேலை. மனமோ நாடக மேடையில்! 1939-இல் துணிந்து ஹாலிவுட் சென்றார். சிறு வேடங்களே கிடைத்தன. போர்க்காலத்தில் தாயகம் திரும்பி, 1943-இல் ஹெலன் பெக் என்னும் நடிகையை மணந்தார். வேலையற்ற நாட்களில் பட்டுத் துணிகளில் ஓவியம் தீட்டி விற்றுப் பிழைத்ததும் உண்டு. தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதுங்கள் என்று அவரைத் தூண்டியவர் ஹெலனே. அதன் பயனாக, 1954-இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாடகம் அவரை நாடறிந்த நடிகராக்கியது. 1957-இல் ஹாமர் நிறுவனத்தின் பிராங்கன்ஸ்டைன் படமும், அடுத்த ஆண்டில் டிராகுலா படமும் வந்தன. அச்சப் படங்களின் அரியணை அவருக்கு உறுதியாயிற்று.

இனி, நான் சொல்ல வந்த படங்களுக்கு வருகிறேன். நான்கைந்து பேய்க்கதைகளை ஒரே சரட்டில் கோத்துத் தரும் கதைக்கோவைப் படங்கள் அவை. ஈலிங் நிறுவனம் 1945-இல் எடுத்த 'டெட் ஆஃப் நைட்' படத்தில் மனம் பறிகொடுத்தவர் மில்டன் சுபாட்ஸ்கி என்னும் அமெரிக்கர். அவரும் மாக்ஸ் ரோசன்பர்க்கும் நடத்திய ஆமிகஸ் நிறுவனம், ஷெப்பர்டன் படப்பிடிப்பு நிலையத்தில் இவ்வகைப் படங்களை எடுத்துக் குவித்தது. கலை ஆர்வத்தோடு கணக்கும் இதில் இருந்தது. பெரிய நடிகரைச் சில நாட்களுக்கு மட்டும் அமர்த்தினால் போதும். சுவரொட்டியிலோ ஐந்தாறு பெரும் பெயர்கள்!

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முதுமொழி. இந்தப் படங்களுக்கு மட்டும் அது பொருந்தாது. 1965-இல் வந்த 'டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்' படத்தையே பாருங்கள். புகைவண்டிப் பெட்டியில் ஐந்து பயணிகளுக்குச் சீட்டுப் பார்த்துக் குறி சொல்பவராகக் குஷிங் அமர்ந்திருக்கிறார். அந்த அமைதியே நம்மை நடுங்க வைக்கிறது. ஆனால் அவர் சொல்லும் கதைகளில் ஒன்றில் கொடி படர்ந்து ஆளைக் கொல்கிறது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெட்டுண்ட கை ஊர்ந்து வந்து கிறிஸ்டோபர் லீயைத் துரத்தும் கதையோ மெய்யாகவே உலுக்குகிறது. பாத்திரங்களோடு நாம் பழகுமுன் கதை முடிந்துவிடுவது பெருங்குறை. பிடிக்காத கதையும் விரைவில் முடிந்துவிடுகிறதே என்பது ஓர் ஆறுதல்!

1971 சனவரியில் ஹெலன் இறந்தார். அவருடைய நோய் முற்றியபோது, ஒரு நாள் மட்டுமே நடித்திருந்த படத்தை விட்டுவிட்டுக் குஷிங் அவரருகே ஓடியவர். எஞ்சிய வாழ்வை மனைவியிடம் போய்ச் சேரும் நாளுக்கான காத்திருப்பாகவே அவர் கருதினார். துயரை மறக்க வேலை வேலை என்று அலைந்தார்.

அந்த நிலையில் வந்ததே 'டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்' (1972). அதில் வேறொரு வேடம் தரப்பட்டபோது அதை மறுத்து, கிரிம்ஸ்டைக் என்னும் கிழவர் வேடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மனைவியை இழந்தவர், குப்பை அள்ளிப் பிழைத்தவர், குழந்தைகளுக்குப் பொம்மை தந்து மகிழ்பவர். எதிர்வீட்டுச் செல்வந்தருக்கோ அந்த ஏழையின் வீடு கண்ணில் உறுத்துகிறது. நாய்களைப் பறிக்கச் செய்கிறார்கள், வேலையைப் போக்குகிறார்கள், குழந்தைகளையும் வரவிடாமல் தடுக்கிறார்கள். காதலர் தினத்தன்று வசைப்பாட்டு அட்டைகளை அனுப்புகிறார்கள். கிழவர் தூக்கில் தொங்குகிறார். ஓராண்டு கழித்துக் கல்லறையிலிருந்து எழுந்து வந்து பழிவாங்குகிறார். எளிய கதைதான். ஆனால் இறந்த மனைவியின் படத்தோடு கிழவர் தனியே பேசும் இடத்தில் நடிப்பு எது, வாழ்வு எது என்று யார் பிரித்துச் சொல்வது? அதே படத்தில் ஜோன் காலின்ஸை நத்தார்த் தாத்தா வேடத்தில் வந்த பைத்தியக்காரன் துரத்துகிறான், அது விறுவிறுப்பு. மற்றவை மறந்து போயின. கிழவரின் முகம் மட்டும் மறக்கவில்லை.

1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் கொடிய ஆளுநராக உலகச் சிறுவர்க்கெல்லாம் அறிமுகமானார். 1994 ஆகஸ்டு 11-இல் கான்டர்பரியில் மறைந்தார். ஹெலனுக்குப் பின் இருபத்து மூன்று ஆண்டுகள் தனிமை. இருவரும் சேர்ந்து வாழ்ந்த விட்ஸ்டபிள் என்னும் கடற்கரை ஊரில், கடலை நோக்கி அவர் அளித்த இருக்கை ஒன்று உண்டு. அதில் ஹெலன், பீட்டர் என்னும் இரு பெயர்களும் உள்ளன.