பழைய ஏற்பாட்டை நமக்குத் திறந்துவிட்ட புனித எரோணிமுஸ்

ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் தொடங்கியதும் நம்மில் பலருடைய மனம் மெல்லக் கோயிலை விட்டு வெளியே போய்விடுகிறது. வாயில் நுழையாத பெயர்கள், எங்கோ இருக்கும் ஊர்கள், என்றோ நடந்த போர்கள். இவையெல்லாம் நமக்கு எதற்கு என்ற எண்ணம். நற்செய்திக்கு எழுந்து நிற்கும்போதுதான் மனமும் திரும்பி வருகிறது. இந்தக் குறை இன்று நேற்று வந்ததல்ல. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் இளைஞருக்கு இதே சலிப்பு இருந்தது. இறைவாக்கினர் நூல்களைக் கையில் எடுத்தால் அவற்றின் நடை கரடுமுரடாகத் தோன்றியது. அந்த இளைஞரே பிற்காலத்தில் பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்திலிருந்து இலத்தீனில் பெயர்த்து, மேலைத் திருச்சபை முழுவதற்கும் தந்தார் என்றால் வியப்பாக இல்லையா? அவர்தான் புனித எரோணிமுஸ். ஜெரோம் என்றும் அவரை அழைக்கிறோம்.

347ஆம் ஆண்டளவில், தல்மாத்தியா நாட்டின் எல்லையில் இருந்த ஸ்திரிதோன் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். வசதியான கிறிஸ்தவக் குடும்பம். உரோமைக்குச் சென்று படித்தார். சிசரோவின் இலத்தீன் நடையில் உயிரையே வைத்திருந்தார். அங்கேதான் திருமுழுக்கும் பெற்றார். பின்னர் கீழ்த்திசை நாடுகளுக்குப் புறப்பட்டு அந்தியோக்கியாவை அடைந்தபோது கடுங்காய்ச்சலில் விழுந்தார். அந்நோயில் ஒரு கனவு. நடுவர் முன் நிறுத்தப்பட்டு, நீ யார் என்று கேட்கப்பட்டார். கிறிஸ்தவன் என்றார். இல்லை, நீ சிசரோவின் ஆள் என்று தீர்ப்பாயிற்று, கசையடியும் விழுந்தது. விழித்தெழுந்தவர் மறைநூல் பக்கம் திரும்பினார்.

சிரியாவின் கால்கிஸ் பாலைவனத்தில் துறவியாக வாழ்ந்த நாட்களில், உண்ணா நோன்பு இருந்தும் மனம் அடங்கவில்லை. மனத்துக்கு ஏதேனும் கடினமான வேலை கொடுக்க வேண்டும் என்று எண்ணி, கிறிஸ்தவராகியிருந்த ஒரு யூதரிடம் எபிரேயம் படிக்க உட்கார்ந்தார். தொண்டையிலிருந்து எழும் அந்த ஒலிகள் அவரைப் படாத பாடு படுத்தின. பலமுறை கைவிட்டார்; பலமுறை மீண்டும் தொடங்கினார். கசந்த விதையிலிருந்து இனிய கனிகள் கிடைத்தன என்று முதுமையில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். அலைபாயும் மனத்தைக் கட்டுவதற்காகத் தொடங்கிய இலக்கணப் பாடம் திருச்சபைக்கே சொத்தாயிற்று!

382ஆம் ஆண்டு உரோமை திரும்பினார். திருத்தந்தை தமாசு அவரைத் தம் செயலாளராக்கி, இலத்தீன் நற்செய்தி நூல்களைத் திருத்தும் பணியை ஒப்படைத்தார். அந்நகரில் மார்செல்லா, பவுலா ஆகிய உயர்குலப் பெண்மணிகள் அவரிடம் மறைநூல் கற்றனர். பவுலாவின் மூத்த மகள் பிளெசில்லா இளம் விதவை. சபை உரையாளர் நூலை அவளுக்கு வாசித்து விளக்கினார். அதை எழுதித் தரும்படி அவள் கேட்டாள். எழுதுமுன் 384இல் அவள் இறந்துபோனாள். எரோணிமுஸ் கற்பித்த கடும் நோன்பே அவளைக் கொன்றது என்று ஊர் பேசியது. பெற்ற தாய்க்கு முன்னும் ஊராருக்கு முன்னும் அவர் எப்படி நின்றிருப்பார்! மறு ஆண்டே உரோமையை விட்டு வெளியேறினார். ஆயினும் சில ஆண்டுகள் கழித்து, அந்த விளக்கவுரையை எழுதி முடித்து அவள் தாய்க்கும் தங்கைக்கும் அர்ப்பணித்தார்.

386இல் பெத்லகேமில் குடியேறினார். பவுலாவின் செல்வத்தால் மடங்களும் திருப்பயணிகளுக்கான ஒரு விடுதியும் எழுந்தன. சூசையும் மரியாவும் மறுபடி இவ்வூருக்கு வந்தால் இடமில்லை என்று யாரும் சொல்லக்கூடாது என்பது எண்ணம். பணம் பற்றாமல் போகவே, பெற்றோரின் பாழடைந்த சொத்தை விற்றுவரத் தம் தம்பியை ஊருக்கு அனுப்பினார்.

இங்கேதான் பெரிய வேலை தொடங்கியது. 390 முதல் 405 வரை ஏறத்தாழ 15 ஆண்டுகள் உழைத்தார். பரனினா என்ற யூத ஆசிரியர், தம் இனத்தாருக்கு அஞ்சி இரவிலேதான் வந்து பாடம் சொன்னார். யோபு நூலின் கடினமான இடங்களுக்காக லித்தாவிலிருந்து ஓர் ஆசிரியரைப் பெரும் பணம் கொடுத்து வரவழைத்தார். தோபித்து நூலை ஒரே நாளில் முடித்தாராம்! இவ்வேகத்தை எல்லாரும் பாராட்டியிருக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பும் வந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். வட ஆப்பிரிக்காவில், இன்றைய திரிப்போலி இருக்கும் இடத்தில், ஓயெயா என்ற ஊரில், ஆயர் இப்புதிய மொழிபெயர்ப்பைக் கோயிலில் வாசிக்கச் செய்தார். யோனா பகுதி வந்தது. யோனாவுக்கு நிழல் தந்தது சுரைக்கொடி என்றே மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகியிருந்தனர். இப்போது வேறு ஒரு கொடியின் பெயர்! கோயிலில் ஒரே அமளி. மக்கள் தம்மை விட்டுப் போய்விடுவார்களோ என்று அஞ்சிய ஆயர் பழைய சொல்லுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 403இல் புனித அகுஸ்தினார் இதை எழுதி அனுப்ப, எரோணிமுஸ் சற்றுக் காரமாகவே பதில் எழுதினார். எபிரேயத்தில் உள்ள செடி பாலஸ்தீனத்து மணலில் விரைந்து வளர்வது, அகன்ற இலை கொண்டது, தண்டிலே தானே நிற்பது. இலத்தீனில் அதற்குப் பெயர் இல்லாததால் பிறர் வழியைப் பின்பற்றி ஐவிக்கொடி என்று வைத்தேன் என்றார். அவர் வருணித்த அந்தச் செடி நமக்குப் புதிதல்ல. நம் தமிழ் விவிலியம் அதைச் சரியாகவே ஆமணக்கு என்கிறது. விளக்கெண்ணெய் தரும் அந்தச் செடிக்காக ஒரு கோயில் கலங்கியது என்றால், அம்மக்கள் வாசகத்தை எவ்வளவு காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்!

அவர் கோபக்காரர். இளமை நண்பர் ரூபினுசோடு ஏற்பட்ட பகை கடைசிவரை ஆறவில்லை. அதை மறைப்பதில் பொருளில்லை. படங்களில் அவர் அருகே படுத்திருக்கும் சிங்கம் வேறொரு துறவியின் கதையிலிருந்து வந்தது என்பர். ஆனால் அவரது மற்றொரு முகத்தையும் பாருங்கள். பவுலாவின் மருமகள் லெயெத்தா, தன் சின்னஞ்சிறு மகளை எப்படி வளர்ப்பது என்று கேட்டிருந்தாள். அந்தப் பேரறிஞர் உட்கார்ந்து எழுதுகிறார்: மரத்திலோ தந்தத்திலோ எழுத்துகள் செய்து குழந்தைக்கு விளையாடக் கொடு, சரியாகச் சொன்னால் பரிசு கொடு, தாமதித்தால் திட்டாதே, கூடப் படிக்கத் தோழியரைச் சேர்த்துவிடு. பிறகு, சங்கீதங்கள் என்று நம் பெரியவர்கள் சொன்ன திருப்பாடல்கள் முதலில் மனப்பாடம் ஆகட்டும். நீதிமொழிகளில் அவள் நடக்கக் கற்கட்டும். சபை உரையாளரில் உலகின் நிலையாமையையும், யோபில் பொறுமையையும் கற்கட்டும். அதன்பின் நற்செய்தி, ஒருநாளும் கையை விட்டு இறங்காதபடி. உரோமையில் இயலாவிட்டால் பெத்லகேமுக்கு அனுப்பு, இந்தக் கிழவன் அவளைத் தோளில் சுமந்து, அவள் மழலையோடு தானும் மழலை பேசுவான் என்று முடித்தார். பழைய ஏற்பாடு குழந்தைக்கும் உரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

404இல் பவுலா இறந்தார். 410இல் அலாரிக்கின் படை உரோமையைச் சூறையாடியது; மார்செல்லாவும் அதன்பின் விரைவில் இறந்தார். நேற்றுவரை செல்வராயிருந்தவர்கள் பிச்சைக்காரராகப் பெத்லகேம் வாசலில் வந்து நின்றனர். எசேக்கியேல் விளக்கவுரை எழுதிக்கொண்டிருந்த எரோணிமுஸ் எழுதுகோலைக் கீழே வைத்தார். மறைநூலை எழுத்தில் விளக்குவதை விட்டுவிட்டுச் செயலில் காட்டவேண்டிய வேளை இது என்று கருதினார். பகலெல்லாம் அகதிகளைக் கவனித்து, இரவில் விளக்கொளியில், மங்கிய கண்களோடு, மிஞ்சிய நேரத்தில் அவ்வுரையைத் தொடர்ந்தார்.

416இல் ஒரு கும்பல் மடங்களைத் தாக்கித் தீயிட்டது. ஒரு திருத்தொண்டர் கொல்லப்பட்டார். பவுலாவின் மகள் எயுஸ்தோக்கியும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். லெயெத்தாவின் மகளோ, இப்போது வளர்ந்த பெண்ணாய், பெத்லகேமில் அந்தக் கிழவரின் அருகில் இருந்தாள். 420 செப்டம்பர் 30 அன்று எரோணிமுஸ் இறைவனடி சேர்ந்தார்.

அவர் கடைசியாக எழுதியது எரேமியா நூலுக்கு விளக்கவுரை. அது முற்றுப்பெறவில்லை, 32ஆம் அதிகாரத்தோடு நின்றுவிட்டது. எருசலேமைப் பகைவர் முற்றுகையிட்டிருக்க, காவல்கூடத்தில் அடைபட்டிருந்த எரேமியா, 17 வெள்ளிக்காசு நிறுத்துக் கொடுத்து, அனத்தோத்தில் ஒரு நிலத்தை வாங்கிப் பத்திரத்தை மண்கலத்தில் பத்திரப்படுத்தச் சொன்ன அதிகாரம் அது.