வெள்ளியைத் தேடி வந்த வானநூல் அறிஞர்



நமது திருப்பாதிரிப்புலியூருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ளது புதுச்சேரி. வெள்ளிக் கோளைக் காண்பதற்கென்றே அவ்வூருக்குக் கடல் கடந்து வந்தவர் கியோம் லெ ஜான்தி. அவர் வரலாற்றை நாம் அறிவது நலம்.

1725-ல் பிரான்சில் பிறந்த அவர், குருவாகும் எண்ணத்தோடு பாரீசில் வேதசாஸ்திரம் பயின்றார். ஆனால் வானநூல் அவரைக் கவர்ந்துகொண்டது. 1753-ல் அரச விஞ்ஞானக் கழகத்தில் இடம் பெற்றார்.

வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும் காட்சி எட்டாண்டு இடைவெளியில் இருமுறை வரும். பின்னர் நூறாண்டுக்கு மேல் வராது. அதைப் பல நாடுகளிலிருந்து அளந்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம். 1761 ஜூன் 6-ல் நிகழவிருந்ததைப் புதுச்சேரியில் அளக்க, 1760-லேயே அவர் கப்பலேறினார். ஆனால் 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக்கொண்டனர். கப்பல் திரும்பியது. குறித்த நாளில் வானம் தெளிந்திருந்தும், ஆடும் கப்பலிலிருந்து சரிவர அளக்க இயலவில்லை.

அவர் ஊர் திரும்பவில்லை. அடுத்த முறைக்காக எட்டாண்டுகள் காத்திருந்தார். புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமான பின், 1768-ல் அங்கு வந்து, இடிபாடுகளின் மேல் ஆய்வுக்கூடம் அமைத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயரே தொலைநோக்கி ஒன்று அனுப்பி உதவினர். முந்திய நாட்களில் காலை வானம் தெளிவாகவே இருந்தது. 1769 ஜூன் 4 விடியலிலோ மேகம் மூடியது. வெள்ளி கடந்து போன பின்னரே சூரியன் முகம் காட்டியது!

எனினும் புதுச்சேரி அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஏடோ எழுதுகோலோ இன்றி, சோழிகளைக் கொண்டே கிரகணம் கணிக்கும் முறையை ஒரு தமிழரிடம் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30-ல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கொண்டு அம்முறையைச் சோதித்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழர் கணக்கு 41 செகண்டு குறைந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற மாயரின் அட்டவணையோ 68 செகண்டு மிகுந்தது. இந்த உண்மையை அவர் மறைக்கவில்லை.

1771-ல் தாயகம் சேர்ந்தபோது, அவர் இறந்துவிட்டதாகவே எண்ணி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். கழகத்தில் அவரது இடமும் பிறருக்குப் போயிருந்தது. அவர் மனம் ஒடிந்துவிடவில்லை. மணம் புரிந்து இல்லறம் நடத்தினார். தம் பயணத்தில் கண்டதையும் கற்றதையும் 1779-லும் 1781-லும் இரு பெரும் நூல்களாக வெளியிட்டார். 1792-ல் காலமானார்.

தேர்வில் ஒருமுறை தவறியதும் புத்தகத்தை மூடிவிடும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். அவர்கள் இவரை நினைக்கட்டும். இருமுறை தவறியும் இவர் கற்பதை நிறுத்தவில்லை. அரச கழகத்து அறிஞராயிருந்தும் நம் ஊர்க்காரர் ஒருவர் முன் மாணவராக அமர வெட்கப்படவுமில்லை.