கார்ல் பிரெடரிக் கவுஸ் (1777 – 1855)

மாணவர்களே, பேனை ஒன்றும் பென்சில் ஒன்றும் 35 ரூபா. பேனை இரண்டும் பென்சில் மூன்றும் 80 ரூபா. பேனையின் விலை, 35 இலிருந்து பென்சிலின் விலையைக் கழிக்க வருவது. அதனை இரண்டாம் சமன்பாட்டில் பிரதியிட்டால் பென்சில் 10 ரூபா, பேனை 25 ரூபா என்று கண்டுவிடுவீர்கள். இங்கு தெரியாக்கணியங்கள் இரண்டுதான். ஆறு இருந்தால்?

ஆறையும் கையாலேயே தீர்த்தவர் கவுஸ். ஜேர்மனியின் பிரவுண்ஸ்விக் நகரில் ஏழைத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1777 ஏப்ரல் 30 இல் பிறந்தார். (1 முதல் 100 வரை கூட்டிய கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள், அதை விடுவோம்.) அவரது திறமையை அறிந்த பிரவுண்ஸ்விக் கோமகன் உதவிப்பணம் கொடுத்துப் படிப்பித்தார்.

1801 ஜனவரி 1 இல் இத்தாலிய வானியலாளர் பியாசி, சேரஸ் என்னும் சிறு கோளைக் கண்டார். சில வாரங்களில் அது சூரியனின் ஒளியில் மறைந்துவிட்டது. மீண்டும் எங்கே தேடுவது? கிடைத்த சில அவதானிப்புகளைக் கொண்டே கவுஸ் அதன் பாதையைக் கணித்தார். அவ்வாண்டின் இறுதியில், அவர் குறித்த இடத்துக்கு அண்மையில் அது அகப்பட்டது. அப்போது அவருக்கு வயது 24.

பின்னர் துன்பங்கள் தொடர்ந்தன. 1806 இல் கோமகன் போரில் காயமுற்று இறந்தார். உதவி நின்றதால் 1807 இல் கொட்டிங்கன் வானாய்வு நிலையத்தின் பணிப்பாளர் பதவியை ஏற்றார். 1809 இல் மனைவி ஜொஹானா குழந்தை பெற்று ஒரு மாதத்தில் இறந்தார். சில மாதங்களில் அக்குழந்தையும் இறந்தது.

1810 இல் அவர் வெளியிட்ட ஆய்வு பல்லாஸ் என்னும் மற்றொரு சிறு கோளைப் பற்றியது. தெரியாக்கணியங்கள் ஆறு, சமன்பாடுகள் பன்னிரண்டு. அவதானிப்புகளில் சிறு வழுக்கள் இருப்பதால் எல்லாச் சமன்பாடுகளும் ஒருங்கே சரிவரா. நம்பத்தகாத ஒன்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய பதினொன்றிலிருந்து ஆறு சமன்பாடுகளை அமைத்தார். முதலாம் தெரியாக்கணியத்தை நீக்க ஐந்து எஞ்சின; அடுத்ததை நீக்க நான்கு. இவ்வாறு ஒன்று மட்டும் எஞ்சியதும் அதன் பெறுமானத்தைக் கண்டு, பின்னோக்கிப் பிரதியிட்டு மற்றவற்றைப் பெற்றார். பேனை, பென்சில் கணக்கில் நீங்கள் செய்ததும் இதுவே.

ஆனால் இம்முறையைக் கவுஸே கண்டுபிடித்தார் என்று எழுதிவிடாதீர்கள். சீனர்கள் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணும் குச்சிகளை நிரைகளாக அடுக்கி இவ்வாறு தீர்த்தனர். கவுஸ் செய்தது, நீண்ட கணிப்பையும் தடுமாறாமல் செய்யத்தக்க ஓர் ஒழுங்கையும் குறியீட்டையும் கொடுத்தது. நில அளவையாளர்கள் அதனைப் பல்லாண்டுகள் பின்பற்றினர். 1820 களில் ஹனோவர் நாட்டை அளந்தபோது கவுஸும் அதே வகைக் கணிப்புகளையே செய்தார். 1855 பெப்ரவரி 23 இல் கொட்டிங்கனில் காலமானார்.