சிறை மீண்ட ஊமைத்துரை

தஞ்சை நாட்டின் ஆட்சியைச் சரபோசி மன்னர் கும்பினியாரிடம் ஒப்படைத்த உடன்படிக்கை 1799ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் கையொப்பமாயிற்று. அதற்கு 9 நாள் முன்னர்தான் கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். காவிரிக்கரையில் எழுதுகோலால் முடிந்த காரியத்துக்குக் கரிசல் நிலத்தில் பீரங்கியும் கயிறும் வேண்டியிருந்தன. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. கட்டபொம்மனின் தம்பியரும் உறவினரும் போர்க் கைதிகளாகப் பாளையங்கோட்டையில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரே ஊமைத்துரை.

அவர் வாய்பேச இயலாதவர். உயர்ந்து மெலிந்த உடல். பார்த்த மாத்திரத்தில் நோயாளி என்று எண்ணத்தக்க தோற்றம். ஆயினும் மக்கள் அவரைச் சாமி என்றே வழங்கினர். அவர் காட்டும் சைகை ஒவ்வொன்றும் அவர்களுக்கு அருள்வாக்காயிற்று. ஆங்கிலப் படை என்னவாகும் என்பதைச் சொல்ல அவருக்குச் சொற்கள் தேவைப்படவில்லை. உள்ளங்கையில் சில துரும்புகளை அடுக்கி வைப்பார். வாயால் ஓர் ஓசை எழுப்பி, மறுகையால் அவற்றைத் துடைத்தெறிவார். பார்த்துநின்ற கூட்டத்துக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது. இவற்றையெல்லாம் எழுதிவைத்தவர் அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் என்பது எண்ணத்தக்கது. அவருடைய நினைவுக் குறிப்புகள் 1830இல் அச்சேறின.

சிறையில் வைசூரி பரவியது. கைதிகளுக்குப் பூட்டியிருந்த விலங்குகள் அதன் பொருட்டுக் கழற்றப்பட்டன. 1801ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மாலை, வெள்ளை அதிகாரிகள் மேஜர் காலின் மெக்காலேயின் தோட்டவீட்டில் விருந்துக்குக் கூடியிருந்தனர். (மெக்காலேயும் முன்னொருகால் சீரங்கப்பட்டணத்தில் மைசூராரின் கைதியாய் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்தாம்.) பாஞ்சாலங்குறிச்சியார் சிலர் படைக்கலங்களை மறைத்துக்கொண்டு மாறுவேடத்தில் கோட்டையருகே காத்திருந்தனர். விறகு விற்போர்போல் வந்தனர் என்பது அந்நாட்டு வழக்கு. குறித்த வேளையில் உள்ளிருந்தோரும் வெளியிருந்தோரும் ஒருங்கே எழுந்தனர். காவலர் கையிலிருந்த துப்பாக்கிகள் கைதிகளின் கைக்கு மாறின. கோட்டை வாயிற் காவலும் அவ்வாறே வீழ்ந்தது.

பாஞ்சாலங்குறிச்சி ஏறத்தாழ 30 கல் தொலைவு. இடைப்பட்ட நிலம் முழுவதும் கும்பினியாரின் பிடியில் இருந்தது. வழிநெடுகச் சிறுசிறு காவல் நிலைகள். ஒளிந்து பதுங்கிப் போவதே சிறைமீண்டவர் இயல்பு. இவர்களோ வழியில் கண்ட நிலைகளில் திடீரெனப் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டோரின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டே ஓடினர். பொழுது விடியுமுன் தங்கள் மண்ணை அடைந்தனர். அங்கே கோட்டை இல்லை. கோட்டை இருந்த மேடுதான் இருந்தது.

மெக்காலே படைதிரட்டி பிப்ரவரி 9ஆம் நாள் அங்கு வந்து சேர்ந்தபோது மதில் எழுந்து நின்றது. அதன்மேல் 1500 பேர் நின்றனர். மண்ணும் வைக்கோலும் கொண்டு 6 நாளில் எழுப்பிய மதில் அது. வந்த படை பாளையங்கோட்டைக்கே திரும்பியது. மார்ச் 31ஆம் நாள் நடத்திய பெருந்தாக்குதலும் பலருடைய உயிரைக் குடித்துத் தோற்றது. கர்னல் அக்னியூ புதிய படைகளோடும் பீரங்கிகளோடும் வந்த பின்னரே, மே 24ஆம் நாள், கோட்டை விழுந்தது.

வெளியேறியவர்களைக் குதிரைப்படை துரத்தி வெட்டியது. ஊமைத்துரை படுகாயமுற்றுப் பிணங்களிடையே கிடந்தார். பொழுது சாய்ந்தபின் ஊர்ப்பெண்கள் தம்மவரைத் தேடி வந்தனர். ஒரு தாய் தன் மகனைக் கண்டாள். உயிர் இன்னும் இருந்தது. அவன் தன்னை விட்டுவிட்டு, அருகே கிடக்கும் சாமியைக் காப்பாற்றுமாறு வேண்டினான். அவள் மகனை அங்கேயே விட்டாள். ஊமைத்துரையைத் தன் இல்லத்துக்கு எடுத்துச் சென்றாள். கும்பினியாருக்குத் துணைநின்ற எட்டயபுரத்தார் தேடி வந்தபோது, பெண்கள் அவருடலைத் துணியால் மூடி, வைசூரி கண்டு மாண்டான் என்று ஒப்பாரி வைத்தனர். தேடி வந்தோர் அஞ்சி ஓடினர். அம்மை நோய்க்கு மருந்தறியாத காலம் அது. அம்மைப்பால் இந்நாட்டுக்கு வந்ததே மறு ஆண்டு, 1802இல்தான். சிறையில் விலங்கைக் கழற்றிய நோயின் பெயரே இங்கும் வழிவிட்டது. அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் குறிக்கவில்லை.

பிழைத்தெழுந்த ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்றார். மருது சகோதரர் சிறுவயலில் அவருக்கு அடைக்கலம் தந்தனர். அதுவே கும்பினியார் சிவகங்கைமேல் படையெடுக்கக் காரணங்களுள் ஒன்றாயிற்று. ஓடிவந்த ஒருவரைக் காட்டிக்கொடுத்துத் தம் நாட்டைக் காத்துக்கொள்ள மருதுகளால் முடிந்திருக்கும். இரண்டாண்டுக்கு முன் புதுக்கோட்டைச் சீமையில் கட்டபொம்மனுக்கு நேர்ந்தது அவர்களுக்குத் தெரியாததன்று. ஜூன் 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. காவிரிக்கரையிலும் கலகத்தின் குரல் கேட்டது. தஞ்சை அரண்மனை கும்பினியார் பக்கமே நின்றது.

காளையார்கோயில் அக்டோபர் 1ஆம் நாள் வீழ்ந்தது. மருது சகோதரர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரை மீண்டும் ஒருமுறை தப்பித் திண்டுக்கல் பக்கத்து மலைநாட்டை அடைந்தார். இம்முறை அவரைப் போர்த்தி மறைக்க எவரும் வாய்க்கவில்லை, பிடிபட்டார். நவம்பர் 16ஆம் நாள், உடன்பிறந்தார் செவத்தையாவோடு பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவரப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். எஞ்சிய கைதிகளுள் எழுபதுக்கு மேற்பட்டோர் 1802ஆம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டனர்.