நெஞ்சு வலி, ஆனா ஹார்ட் நார்மல்... சீட்டில் எழுதியிருக்கிற அந்த 'டீட்சே' யார்?

உடுமலைப்பேட்டை பக்கம் தேங்காய் மூட்டை தூக்குபவரோ, மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவரோ, திருப்பூருக்குத் தினமும் பைக்கில் போய் வருபவரோ, யாருக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தினாலும் முதலில் வருகிற பயம் ஒன்றுதான். ஹார்ட் அட்டாக்கா? வீட்டில் வாயுப் பிடிப்பு என்று ஓமத்தண்ணி கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் இசிஜி எடுப்பார்கள், நார்மல். அப்புறம் டாக்டர் நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் விரலால் அழுத்துவார். அங்கேதான் உயிர் போகிற வலி. சீட்டில் காஸ்டோகாண்ட்ரைட்டிஸ் என்று எழுதுவார். அந்த இடம் வீங்கியும் இருந்தால் டீட்சே சின்ட்ரோம்.

டீட்சே என்பது ஒரு மனிதரின் பெயர். நூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் அறுவை சிகிச்சை டாக்டர்.

அலெக்சாண்டர் டீட்சே 1864 பிப்ரவரியில் லீபனாவ் என்ற ஊரில் பிறந்தார். படித்தது, வேலை பார்த்தது, கடைசியில் இறந்தது எல்லாமே பிரெஸ்லாவ் நகரில். அன்றைக்கு அது ஜெர்மனி. இன்றைக்கு போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. 1887-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர், பிறகு அங்கேயே மிகுலிச் என்ற பெரிய சர்ஜனிடம் உதவியாளராகத் தொழில் பழகினார். ஆபரேஷன் தியேட்டரில் மாஸ்க் போட ஆரம்பித்த முன்னோடிகளில் ஒருவர் இந்த மிகுலிச். கொரோனாவில் நாம் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தோமே, அந்தக் கதையின் தொடக்கத்தில் இருப்பவர். அதே ஊரின் ஆல்லர்ஹைலிகன் ஆஸ்பத்திரியில் டீட்சே பின்னாளில் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவரானார்.

அவர் பெயர் நிலைத்தது 1921-ல். முதல் உலகப் போர் முடிந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஜெர்மன் நகரங்கள் பசியையும் காசநோயையும் பார்த்து ஓய்ந்திருந்தன. அந்த நேரத்தில் நான்கு நோயாளிகளைப் பற்றி ஒரு பெர்லின் மருத்துவ இதழில் அவர் எழுதினார். மார்பின் மேல்பகுதியில் வீக்கம், தொட்டால் வலி. ஆனால் சீழ் இல்லை, கட்டி இல்லை. பிரச்சினை இருந்தது விலா எலும்பின் குருத்தெலும்பில்.

அந்த இடம் கொஞ்சம் விசேஷமானது. விலா எலும்பு நேராக நெஞ்செலும்பில் போய் ஒட்டுவதில்லை. நடுவில் குருத்தெலும்பு இருக்கிறது. மூச்சு விடும்போதெல்லாம் அது அசைந்துகொடுக்க வேண்டும். நிமிஷத்துக்கு 12 மூச்சு என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 17,000 தடவைக்கு மேல். ரெஸ்ட் கொடுக்கவே முடியாத மூட்டு. அதனால்தான் இருமினாலும், திரும்பிப் படுத்தாலும் குத்துகிறது. சாதாரண எக்ஸ்ரேயிலும் குருத்தெலும்பு பொதுவாகத் தெரியாது. இசிஜி கருவி அன்றைக்கு எல்லா ஆஸ்பத்திரிக்கும் வந்துசேரவில்லை. கையால் தொட்டுப் பார்த்தே டீட்சே இதைப் பிரித்துச் சொன்னார் என்பதுதான் பெரிய விஷயம்.

காரணம் சொன்ன இடத்தில்தான் சறுக்கினார். போர்க்காலச் சத்துக்குறைவு, காசநோய் இவற்றை அவர் சந்தேகப்பட்டார். பின்னாளில் நன்றாகச் சாப்பிடுகிற, காசநோயே இல்லாத ஆட்களுக்கும் இது வந்தது. சரியான காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. நாள்பட்ட இருமல், கனமான சுமை, பழக்கமில்லாத உடற்பயிற்சி ஆகியவற்றுக்குப் பிறகு வருவதைப் பார்க்கிறார்கள். ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே பெஞ்ச் பிரஸ்ஸில் வீரம் காட்டுபவர்கள் கவனிக்கவும். டீட்சே பெரும்பாலும் 40 வயதுக்குள் வருகிறது. இரண்டாவது அல்லது மூன்றாவது விலாவில், ஒரே இடத்தில். வீக்கமில்லாத காஸ்டோகாண்ட்ரைட்டிஸ்தான் இரண்டில் அதிகம் பார்ப்பது. அது பல விலாக்களில் வலிக்கலாம்.

1927 மார்ச்சில், 63 வயதில் டீட்சே இறந்தார். சர்ஜனாக வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையை விட அந்தச் சில பக்கங்களே அவரை இன்றும் ஞாபகப்படுத்துகின்றன.

ஒரு விஷயம் மட்டும் ஜாக்கிரதை. அழுத்தினால் வலிக்கிறது, அதனால் ஹார்ட் இல்லை என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது. மாரடைப்பு வந்தவர்களில் சிலருக்கும் நெஞ்சைத் தொட்டால் வலிக்கும். டாக்டர்கள் இசிஜி, தேவைப்பட்டால் டிரோபோனின் ரத்தப் பரிசோதனை பார்த்து, இதயத்தை விலக்கிய பிறகே டீட்சே பெயரை எழுதுகிறார்கள். பாரம் வைத்த மாதிரி அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் பைக்கை எடுக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் சில சமயம் வெறும் அசதிதான் தெரியும். ஊருக்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: 2023-ல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் தரப்படுகின்றன.

டீட்சேதான் என்று உறுதியானால் வெந்நீர் ஒத்தடம், டாக்டர் சொல்கிற வலி மாத்திரை, கொஞ்ச நாள் சுமை தூக்காமல் இருப்பது, இவ்வளவுதான். வலி சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே அடங்கும். வீக்கம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தங்கலாம்.