விண்வெளி போய் வந்த நம் எம்.எல்.ஏ.

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கேட்டது, நம் ஊரோடு தொடர்புள்ள பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை நாலு பக்கத்தில் எழுதித் தர வேண்டும் என்பதுதான். திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியைப் பற்றி எழுத ஆன்மிகத்தில் ஊறிய நண்பர்கள் இருக்கிறார்கள். விருதுநகர் தந்த காமராஜரைப் பற்றி ஒவ்வொரு மலரிலும் யாராவது எழுதிவிடுகிறார்கள். நான் பௌதிகம் படித்தவன். எனக்குப் பிடித்தது விஞ்ஞானக் கதைகள். விஞ்ஞானக் கதைக்கும் அருப்புக்கோட்டைக்கும் என்னப்பா சம்பந்தம் என்று நண்பர்கள் சிரிப்பார்கள். எழுத்தாளர் சுஜாதாவுக்கு ஸ்ரீரங்கம் இருந்த மாதிரி நமக்கு ஒருவர் இல்லைதான். ஆனால் பறக்கும் தட்டில் ஏறி வேறு கிரகத்துக்குப் போனவரும், மின்னலைப் பிடித்துக் குப்பிக்குள் அடைத்தவருமான ஒருவர் நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். மக்கள் திலகம் எம்.ஜி.ஆரைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அவர் நம் மண்ணில் பிறந்தவர் அல்ல. இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17-ல் பிறந்தார். தந்தை கோபாலன் இறந்தபோது அவர் நடக்கப் பழகிய குழந்தை. தாயார் சத்யபாமா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கும்பகோணம் வந்து சேர்ந்தார். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. வயிற்றுப்பாட்டுக்காக அண்ணன் சக்ரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டார். நாடகக் கம்பெனி என்றால் அந்தக் காலத்தில் கலை வளர்க்கும் இடம் மட்டுமல்ல, வீட்டில் சோறு இல்லாத பிள்ளைகளுக்கு ரெண்டு வேளைச் சாப்பாடு கிடைக்கிற இடமும்கூட. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அவர் செய்த ஒரு காரியத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதியில் ஒரு சின்ன போலீஸ் வேடம். கதாநாயகனாக ஆக 1947-ல் வந்த ராஜகுமாரி வரை பதினோரு வருஷம் காத்திருந்தார். பிறகு மந்திரி குமாரி, மலைக்கள்ளன், சொந்தமாகத் தயாரித்து இயக்கிய நாடோடி மன்னன் என்று அவர் ஏறிய படிகள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, அவர் ரசிகர்களே அதிகம் பேசாத ஒரு படத்துக்கு வருகிறேன்.

1963-ல் வந்த கலையரசி. காசிலிங்கம் இயக்கியது. ரஷ்யாவின் யூரி ககாரின் விண்வெளியைச் சுற்றி வந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வேற்றுக் கிரகத்து மனிதர்களைத் திரையில் காட்டிய முதல் இந்தியப் படங்களில் இதுவும் ஒன்று. கதை என்ன? வேறொரு கிரகத்தில் விஞ்ஞானம் எல்லாம் முன்னேறிவிட்டது. பாட்டும் ஆட்டமும் மட்டும் இல்லை. அதைக் கற்றுக்கொடுக்க ஆள் தேடி, நம்பியார் பூமிக்கு வந்து பாடகியான பானுமதியைக் கடத்திப் போகிறார். மீட்டு வரப் போகிறவர் எம்.ஜி.ஆர். அங்கே போய் ஒரு கோமாளியின் இடத்தில் இருந்துகொண்டு காரியத்தை முடிக்கிறார்.

அந்தப் படத்தை நான் பார்த்தது அது வந்து பல வருஷம் கழித்து, டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து. ஆகாயக் கப்பல் அட்டையில் செய்தது என்று எங்களுக்கே தெரிந்தது. ஆனாலும் ஒரு விஷயம் இன்றைக்கும் எனக்கு வியப்புதான். மேல்நாட்டுப் படங்களில் பெரும்பாலும் வேற்றுக் கிரகத்தார் நம் பூமியைப் பிடிக்க வருவார்கள். நம் படத்தில் அவர்கள் வந்தது ஒரு பாட்டு வாத்தியாரைத் தேடி! விஞ்ஞானம் பெருகிய இடத்தில் எது குறையும் என்று 1963-லேயே ஒரு தமிழ்ப்படம் யோசித்திருக்கிறது. சத்யஜித் ராய் தன் வேற்றுக்கிரகவாசித் திரைக்கதையை எழுதியது அதற்குப் பிறகுதான், 1967-ல். அது படமாகவே ஆகவில்லை.

அடுத்தது உலகம் சுற்றும் வாலிபன். அவரே தயாரித்து இயக்கிய படம். 1970-ல் ஜப்பானின் ஒசாகாவில் எக்ஸ்போ கண்காட்சி நடந்தது. நிலவிலிருந்து கொண்டுவந்த கல்லை அமெரிக்கா அங்கே காட்சிக்கு வைத்திருந்தது. அந்தக் கண்காட்சிக்குள்ளேயே போய்ப் படம் பிடித்தார்கள். ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்து என்றும் சுற்றினார்கள். ஆனால் படம் வெளிவர மூன்று வருஷம் போனது. இடையில் 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து அவர் நீக்கப்பட்டு, அ.தி.மு.க. பிறந்துவிட்டது. 1973 மே 11-ல் படம் வெளியானது. அதே மாதம் 20-ந் தேதி திண்டுக்கல் இடைத்தேர்தலில் அவர் கட்சி வேட்பாளர் மாயத்தேவர் ஜெயித்தார். படம் ஒரு பக்கம், தேர்தல் ஒரு பக்கம் என்று அந்த மே மாதம் நம் பக்கத்து ஊர்களே சூடேறிக் கிடந்தன.

இதில் எம்.ஜி.ஆருக்கு ரெட்டை வேடம். விஞ்ஞானி முருகன் மின்னலின் சக்தியைச் சேமித்து வைக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார். கூட இருக்கும் விஞ்ஞானி பைரவன், அதாவது அசோகன், அதை அழிவுக்கு விற்றுக் காசாக்கப் பார்க்கிறார். கண்டுபிடிப்பு தப்பானவர் கையில் போய்விடக் கூடாதென்று, முருகன் குறிப்புகளை எரித்துவிட்டதாகக் காட்டிக்கொண்டு, பல நாடுகளில் பிரித்து மறைத்து வைக்கிறார். பைரவன் அவரைச் சித்தம் கலங்க வைத்துவிட, தம்பி ராஜு தேடிக் கிளம்புகிறார். மிச்சமெல்லாம் பாட்டும் சண்டையும், எம்.எஸ்.விசுவநாதன் இசையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

இந்தப் படம் நம் ஊரில் என்ன செய்தது என்பதை ஊரை அறிந்தவர்களால்தான் புரிந்துகொள்ள முடியும். ஐப்பசி பிறந்ததும் கிழக்கே திருச்சுழிப் பக்கம் மின்னுகிறதா என்று பார்ப்பது கரிசல்காட்டுச் சம்சாரியின் பழக்கம். அவருக்கு மின்னல் என்றால் மழை. தறிக்காரத் தெருவிலோ அதே மின்னல் என்றால், தெருவில் விரித்திருக்கிற பாவு நனையுமே, தறிக்குழியில் ஈரம் ஏறுமே என்ற கவலை. என் அப்பா குழித்தறி நெய்தவர். படம் பார்த்துவிட்டு வந்த ராத்திரி, மின்னலை நிஜமாகவே பிடிக்க முடியுமாடா என்று என்னைக் கேட்டார். எனக்குப் பன்னிரண்டு வயசு. முடியும் என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

1977 ஜூனில் சட்டமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் நின்றார், வென்றார். 234 இடங்களில் 130-ஐ அ.தி.மு.க. பிடித்தது. ஜூன் 30-ல் முதலமைச்சர் ஆனார். ஒரு சினிமா நடிகர் மாநில முதல்வரானது இந்தியாவில் அதுவே முதல் தடவை. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அமெரிக்காவில் ஸ்டார் வார்ஸ் படம் வெளியாகி, உலகமே விண்வெளிப் படங்களின் பக்கம் திரும்பியது. நம் ஆள் பதினாலு வருஷத்துக்கு முன்பே போய் வந்துவிட்டு, இங்கே நம்மிடம் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்!

அந்த வருஷம்தான் நான் பி.யு.சி. சேர்ந்தேன். 1978-ல் அவர் அரசு பிளஸ் டூவைப் பள்ளிக்கூடங்களில் கொண்டுவந்தது, கல்லூரிகளில் பி.யு.சி. போயிற்று. எங்கள் செட்டை மூத்தவர்கள் வால்செட் என்று கேலி செய்தது அதனால்தான். அதே 1978 அக்டோபரில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை வந்தது. இந்த மலரில் நீங்கள் படிக்கிற லை, னை, றா எல்லாம் நம் தொகுதி உறுப்பினர் முதல்வராக இருந்தபோது மாறிய எழுத்துக்கள். தும்பிக்கை வைத்த பழைய லை-யை விட எனக்கு ரெண்டு வருஷம் பிடித்தது. மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன் என்ற அவருடைய கடைசிப் படமும் அந்த 1978 பொங்கலுக்குத்தான் வந்தது. அதற்கு மேல் அரிதாரம் பூசவில்லை.

1980 பிப்ரவரியில் ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தலில் அவர் மதுரை மேற்கிலும், 1984-ல் ஆண்டிபட்டியிலும் நின்றார். ஆக நமக்கும் அவருக்கும் உள்ள கணக்கு மூணு வருஷம்கூட முழுசாக நிறையவில்லை. இதைச் சொன்னால் நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். உள்ளதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

1982 ஜூலை 1-ல் திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். காமராஜர் போட்ட மதிய உணவுப் பாதையைத்தான் அகலப்படுத்தினார் என்றாலும், கும்பகோணத்துப் பசி அதற்குள் இருந்தது. 1985-ல் ராமநாதபுரத்திலிருந்து பிரித்து நம் மாவட்டத்தை உண்டாக்கி, காமராஜர் பெயரைச் சூட்டியதும் அவர் ஆட்சியே. குறையும் உண்டு. திரையில் குடிக்காத, புகைக்காத நாயகனாகவே வாழ்ந்தவரின் ஆட்சியில்தான் 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1984-ல் நோய்வாய்ப்பட்டு அமெரிக்காவில் படுத்திருந்தபடியே தேர்தலில் ஜெயித்தார். 1987 டிசம்பர் 24-ல் மறைந்தார்.

அப்பாவிடம் சிறுவயதில் சொன்ன பதில் எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கும்போது ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மின்னலில் சுமார் நூறு கோடி ஜூல் சக்தி. நம் மின்சாரக் கணக்கில் ஏறக்குறைய 280 யூனிட். அதிலும் பெரும்பகுதி காற்றைச் சூடாக்குவதிலும் வெளிச்சத்திலும் இடியிலும் போய்விடும். பிடிக்கக் கிடைப்பது சொற்பம். அப்படியே முழுசாகப் பிடித்தாலும், எங்கள் வீட்டு ரெண்டு நாற்பது வாட் பல்புகளை ராத்திரி அஞ்சு மணி நேரம் எரித்தால் ரெண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

திண்ணையில் உட்கார்ந்து இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் பல்பைப் பற்றிக் கேட்கவில்லை. அதை வைத்து விசைத்தறி ஓட்டலாமா, எத்தனை நாள் ஓடும் என்று கேட்டார். அப்போதுதான் அடுத்தடுத்த தெருக்களில் விசைத்தறிச் சத்தம் கூடிக்கொண்டிருந்தது. அரைக் குதிரைச் சக்தி மோட்டார், நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்து, ஒரு மின்னலுக்கு மூணு மாசம் ஓடும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்படியானால் அந்த விஞ்ஞானி காயிதத்தை நிஜமாகவே எரித்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார்.